மூணு வருசம் சும்மா நின்ன கரிஷ்மா, முன் டிஸ்க் விடாமப் புடிக்குது, கேலிப்பர் பிஸ்டன் ஜாம்னு நெனைக்கேன், எப்படி எடுக்க?

உப்பளத்துக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2005 ஹீரோ ஹோண்டா கரிஷ்மா, எங்க அண்ணன் வாங்குனது. அவன் மஸ்கட் போகையில வாரத்துக்கு ஒருக்க ஸ்டார்ட் பண்ணி வைலன்னு சொல்லிட்டுப் போனான், நானும் மொத ரெண்டு மாசம் ஒழுங்கா பண்ணேன், அதோட சரி. மூணு வருசமா வீட்டுக்குப் பின்னால தார்ப்பாய்க்குள்ள கெடந்துச்சு. நாங்க இருக்கது தூத்துக்குடி, கடல் இங்கேருந்து நடக்குற தூரம், இங்க ஜன்னல் கம்பியே ரெண்டு மழைக்கு ஏடு ஏடா உரிஞ்சு வரும், வண்டி எப்படி இருக்கும்னு நீங்களே நெனைச்சுக்கோங்க. அடுத்த மாசம் அண்ணன் லீவுல வாரான். அதான் இந்த அவசரம்.

கார்புரேட்டர் கழுவியாச்சு, பேட்டரி புதுசு, இன்ஜின் நல்லா ஓடுது. பிரச்சனை முன் பிரேக்தான், டிஸ்க்க ரெண்டு பேட் வெச்சுக் கவ்வுற கேலிப்பர்ல பேட்டைத் தள்ளுற பிஸ்டன் ஜாம்னு நெனைக்கேன். சென்டர் ஸ்டாண்டு போட்டு பின்னால ஒருத்தன உக்கார வெச்சு முன் வீலத் தூக்கிச் சுத்துனா கால் சுத்து சுத்திட்டு நின்னுருது. நேத்து சரி ஓட்டித்தான் பாப்போமேன்னு ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தேன், வண்டி இழுக்கவே இல்ல, வீட்டு வாசல்ல நிறுத்தையில ஒரு கருகுன வாடை, டிஸ்க்ல தண்ணி தெளிச்சா தோசக்கல்லுல தெளிச்ச மாதிரி சுர்ருங்குது. லீவரப் புடிச்சா கல்லு மாதிரி இருக்கு, விட்டாலும் வீல் லூசாகல.

இங்க ஒரு மெக்கானிக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு கிரீஸ் தடவி மாட்டிரலாம், முந்நூறு ரூவா குடுன்னாரு. பிரேக் விசயம்ங்கதால யோசனையா இருக்கு. நானே பண்ணிரலாமா, எங்கேருந்து ஆரம்பிக்க? ஸ்பேனர் செட்டு இருக்கு, கம்ப்ரஸர் கெடையாது.


டூஸ்ட்ரோக்_வெறியன்:

மச்சி இதுக்கெல்லாம் எதுக்கு இவ்ளோ யோசிக்கிற, சென்னை புதுப்பேட்டைல பழைய பார்ட்ஸ் கடை பக்கம் யாராச்சும் இருந்தா சொல்லி நல்ல கேலிப்பரா ஒண்ணு பாத்து எடுத்துட்டு வரச் சொல்லு, ரெண்டு போல்ட் கழட்டி ரெண்டு போல்ட் மாட்டுனா வேலை முடிஞ்சுது. இல்லன்னா பிஸ்டன குறடு போட்டுப் புடிச்சு திருகி இழு, வந்துரும். நான் என் பல்சர்ல அப்படித்தான் எடுத்தேன்.


லேத்_கோவை:

குறடு வேண்டாங்க, தயவு செஞ்சு. பிஸ்டனோட வெளிப்பக்கம் குரோம் பூசுன வழவழப்புங்க, ஆயில் கசியாமப் புடிக்கிற ரப்பர் சீல் உக்கார்றதே அந்த வழவழப்பு மேலதான். குறடுப் பல்லு பதிஞ்சா அந்தக் கோடு வழியா ஆயில் கசியும், துருவும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். மேல சொன்ன நண்பர் வண்டில கசியலைன்னா அவருக்கு அதிர்ஷ்டம், நாம அத நம்பி வேலை செய்ய முடியாதுங்களே. புதுப்பேட்டைல வாங்குற பழைய கேலிப்பரும் ஏதோ ஒரு வண்டில நின்னு உப்பு பூத்ததாத்தான் இருக்கும், அதையும் தொறந்து பாத்துத்தான் ஆகணும், அதுக்கு உங்களோடதையே தொறக்கலாம்.

ஆனா தம்பி, கேலிப்பரக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷ வேலை இருக்குங்க, இத முக்காவாசிப் பேரு செய்யாம நேரா பிஸ்டன் மேல பழி போட்டுடறாங்க. வீல் புடிச்சிருக்கிறப்பவே கேலிப்பர்ல இருக்கிற ப்ளீடர் நிப்பிள, காத்தும் ஆயிலும் வெளிய விடுற சின்ன மூக்கு, அத லேசா ஒரு கால் சுத்து தொறங்க. வாய் தொறந்த ஸ்பேனர் வேண்டாம், ரிங் ஸ்பேனர் போடுங்க, இல்லைன்னா மூலை மழுங்கிடும், அப்புறம் அது தனிக் கதை. தொறந்ததும் ஆயில் பீச்சி வந்து வீல் லூசாயிட்டா பிஸ்டன் மேல தப்பே இல்லைங்க, மேல இருந்து வந்த அழுத்தம் திரும்பிப் போக வழி இல்லாம உள்ளயே நிக்குதுன்னு அர்த்தம். அதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு ஹோஸ், மேல இருந்து கேலிப்பருக்கு ஆயில் வர்ற குழாய், பழைய ரப்பர் உள்பக்கமா உரிஞ்சு ஒரு வால்வு மாதிரி ஆயிடும், போகும், வராது. இன்னொண்ணு மாஸ்டர் சிலிண்டர், ஹேண்டில் பார்ல ஆயில் டப்பாவோட இருக்கிற, லீவர் அமுக்குற பம்ப்பு, அதுல ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், லீவர விட்டதும் ஆயில் அது வழியாத்தான் டப்பாவுக்குத் திரும்புது, வண்டி நின்னா அடைக்கிற மொத எடமே அதுதான். எதுன்னு தெரியணும்னா மறுபடி ஒருக்கா லீவரப் புடிச்சு வீல ஜாம் பண்ணிட்டு இந்தத் தடவ மாஸ்டர்ல ஹோஸப் புடிச்சிருக்கிற பேஞ்சோ போல்ட்ட லேசா லூஸ் பண்ணுங்க, அங்கயே விட்டுச்சுன்னா மாஸ்டர், அங்க விடாம கீழ ப்ளீடர் தொறந்தா மட்டும் விட்டுச்சுன்னா ஹோஸ்.

ரெண்டும் பண்ணியும் வீல் அசையலைன்னா அப்ப கேலிப்பர்தான். பண்ணிட்டு சொல்லுங்க. டேங்க் மேலயும் முன் மட்கார்டு மேலயும் ஈரத் துணி போட்டுட்டுப் பண்ணுங்க, பிரேக் ஆயில் பட்டா பெயிண்ட் பொரிஞ்சு வந்துரும், பட்டுட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.


உப்பளத்துக்காரன்:

அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரி பண்ணேன். டப்பா மூடியத் தொறந்ததுமே மனசு விட்டுப்போச்சு, அடியில பழுப்பு ஜெல்லி மாதிரி ஒண்ணு கெடக்கு. ப்ளீடரத் தொறந்தேன், கடுங்காப்பி கலர்ல ரெண்டு சொட்டு வந்துச்சு, வீல் அசையல. மேல பேஞ்சோ லூஸ் பண்ணியும் அசையல. அப்ப கேலிப்பர்தானே?

ஒரு தப்பு பண்ணிட்டேன், கழுவலாம்னு அவசரத்துல ஹோஸயும் கழட்டி கேலிப்பரத் தனியா எடுத்துட்டேன். ரெண்டு பிஸ்டன். ஒண்ணு கட்டவெரல வெச்சு அமுக்குனா கொஞ்சம் உள்ள போகுது, இன்னொண்ணு பாறை மாதிரி நிக்குது. அது பக்கத்துப் பேட் மட்டும் சாய்வா ஒரு ஓரமாத் தேஞ்சிருக்கு. டீசல்ல ஒரு ராத்திரி ஊறப் போட்டா எளகும்னு அப்பா சொல்லுதாரு, போடவா?


பழசே_பொன்னு:

டீசல் வேணாம் தம்பி. பெட்ரோல், மண்ணெண்ணெய், துரு எளக்குற ஸ்ப்ரே எதுவும் வேணாம். பிரேக் சீல்ல இருக்கிற ரப்பர் பிரேக் ஆயிலுக்குன்னே செஞ்ச ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊதி மொழுமொழுன்னு ஆயிடும், அப்புறம் இன்னும் இறுக்கமாப் புடிக்கும். கேலிப்பர்ல போற சீலு எப்படியும் மாத்தப் போறோம்னாலும் ஒட்டிக்கிட்டு இருக்கிற மிச்ச எண்ணெய் புது சீலயும் கெடுக்கும். அப்பாகிட்ட சொல்லு, சைக்கிள் பிரீவீலுக்கு டீசல் சரி, இதுக்கு ஆகாது.

இன்னொண்ணு. கம்ப்ரஸர் இல்லைன்னு எழுதியிருக்க, உடனே பஞ்சர் கடைக்குப் போயி காத்து புடிக்கலாம்னு தோணும், எனக்கும் தோணுச்சு, அதான் சொல்றேன். பல வருசம் முன்னாடி ஒரு பழைய கார் கேலிப்பர், தெரிஞ்ச கடையில நான்தான் ஆர்வக்கோளாறுல ஏர் கன் வெச்சு அமுக்குறேன், ஒண்ணும் ஆகல, இன்னும் கொஞ்சம், ஒண்ணும் ஆகல, குனிஞ்சு பாக்கலாம்னு தலையைச் சாய்க்கிறதுக்கும் அது பறக்குறதுக்கும் சரியா இருந்துச்சு. காதோரமாப் போயி கடை ஷட்டர்ல அடிச்சது, தகரம் உள் வாங்கி ஒரு கிண்ணம் மாதிரி குழி. அந்தக் குழி இன்னைக்கும் இருக்கு, கடைக்காரர் வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவாரு. பிஸ்டனுக்கு எதுர்ல வெரல் வெச்சிருந்தேன்னா இன்னைக்கு இதை ஒம்போது வெரலால டைப் பண்ணிட்டு இருப்பேன். காத்து அமுக்கி வெச்ச ஸ்பிரிங் மாதிரி, விட்ட நொடி மொத்தமும் ஒண்ணா வெளிய வரும். ஆயில் அப்படி இல்ல, அது சுருங்காது, பிஸ்டன் அரை மில்லி நகந்தா அழுத்தம் அங்கயே விழுந்துரும். அதனால எடுக்குறது எப்பவும் ஆயிலால எடு.


லேத்_கோவை:

அண்ணன் சொன்னதுதான் முக்கியமான விசயங்க. கணக்காவே பாத்துருவோம். பிஸ்டன் 27 மில்லின்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க, அதோட முகம் அஞ்சே முக்கால் சதுர சென்டிமீட்டர் வரும். பஞ்சர் கடைக் காத்து சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ அழுத்தம்னா பிஸ்டன் மேல விழுறது நாப்பது கிலோ. உங்க பிரேக் லீவர் நீங்க பதினஞ்சு கிலோ பலத்துல புடிச்சா ஆறு மடங்கு ஆகி மாஸ்டர்ல அரை இஞ்சு பிஸ்டன் மேல தொண்ணூறு கிலோவாப் போகும், ஆயில்ல எழுபது கிலோ அழுத்தம் வரும், அப்ப கேலிப்பர் பிஸ்டன் ஒவ்வொண்ணு மேலயும் நானூறு கிலோங்க. பத்து மடங்கு. உங்க வண்டியிலயே இருக்கிற நல்ல பிஸ்டன் கழட்டி உங்க வண்டி லீவர்தானுங்க, அதனாலதான் ஹோஸக் கழட்டாதீங்கன்னு மொதல்லயே சொல்லியிருக்கணும், நான் சொல்லாம விட்டுட்டேன், என் தப்பு.

பரவால்ல, திரும்ப மாட்டுங்க. ஹோஸ மாட்டி, ஜெல்லியத் துடைச்சு, புது ஆயில் ஊத்தி, உள்ள நிக்கிற காத்த ப்ளீடர் வழியா எடுத்துட்டு இப்படிப் பண்ணுங்க. கேலிப்பர் டிஸ்க்குல இருக்க வேண்டாம், பேட் ரெண்டும் வெளிய, கேலிப்பர் கையில. நகர்ற பிஸ்டன ஒரு ஜி கிளாம்ப் போட்டு உள்ள அமுக்கி இறுக்கிருங்க, அது நகர முடியாது. ஜாம் ஆன பிஸ்டனுக்கு எதுர்ல ஒரு பத்து மில்லி மரத்துண்டு வைங்க. இப்ப லீவர அமுக்குனா ஆயிலுக்கு வேற போக்கிடம் இல்ல, ஜாம் ஆனதத்தான் தள்ளியாகணும். கேலிப்பர் வெளிப்பக்கமா நல்லாக் கொதிச்ச தண்ணி ஊத்துங்க, மேலயே ஊத்திக்கிட்டே இருங்க, அலுமினியம் இரும்பை விட ரெண்டு மடங்கு விரியும், அந்த நூலிழை எடைவெளி போதும். பிளோ லாம்ப் கொண்டு வராதீங்க. பிரேக் ஆயில் எரியும்.

முழுசா வெளிய தள்ளிராதீங்க. இது ரொம்ப முக்கியம். ஒண்ணு வெளிய விழுந்துட்டா அந்த ஓட்டை வழியா ஆயில் எல்லாம் கொட்டிரும், இன்னொண்ண எடுக்க அழுத்தமே வராது. ஜாம் ஆனது விளிம்பு வரைக்கும் வந்ததும் நிறுத்தி, கிளாம்ப்ப அது மேல மாத்திப் போட்டு மத்தத விளிம்புக்குக் கொண்டு வாங்க. ரெண்டும் விளிம்புல நின்னா அப்புறம் ஹோஸக் கழட்டிட்டுக் கையாலயே ஆட்டி ஆட்டி எடுத்துரலாம்.


டூஸ்ட்ரோக்_வெறியன்:

கணக்கெல்லாம் சூப்பர்ணா, ஆனா மாஸ்டரே மூணு வருசம் ஜெல்லில ஊறியிருக்கு, அதுக்குள்ள இருக்கிற ரப்பர் கப்பு அந்த எழுபது கிலோ அழுத்தம் தாங்குமா? எனக்கு டவுட்டுதான்.


உப்பளத்துக்காரன்:

டூஸ்ட்ரோக் அண்ணன் வாய் முகூர்த்தம் பலிச்சுருச்சு. ஹோஸ் மாட்டி காத்து எடுத்து கிளாம்ப் போட்டு அமுக்குனேன், மொத நாலஞ்சு தடவ லீவர் கல்லு மாதிரி நின்னுச்சு, அம்மா ரெண்டு சட்டி வெந்நி வெச்சுக் குடுத்தாங்க, ஊத்துனேன், அப்புறம் லீவர் மெதுவா, ஆளு தூங்கி விழுற மாதிரி, ஹேண்டில் பார் வரைக்கும் போகுது. எங்கயும் கசிவு இல்ல. பிஸ்டன் ஒரு நூல் கூட அசையல.


லேத்_கோவை:

அப்ப மாஸ்டர் கப்பு போச்சுங்க, ஆயில் கப்ப சுத்திக்கிட்டு உள்ளுக்குள்ளயே பின்னால போகுது. அதுக்கும் ஒரு ரிப்பேர் கிட்டு வாங்கணும், வருத்தப்படாதீங்க, எப்படியும் மாத்த வேண்டியதுதான், நடு ரோட்டுல தெரியாம இப்பத் தெரிஞ்சது நல்லதுங்க.

இப்ப கிரீஸ் கன். டிராக்டர், லாரிக்கு கிரீஸ் அடிக்கிற கை பம்ப் இருக்குதில்லைங்க, அது சாதாரணமா முந்நூறு கிலோ அழுத்தத்துக்கு மேலயே குடுக்கும், நம்ம பிஸ்டன் மேல ஒன்றரை டன்னு தாண்டும். அதோட கிரீஸ் ஆயில விட கெட்டி, வேகமே கெடையாது, பம்ப் அடிச்சா அடிச்ச அளவுக்குத்தான் பிஸ்டன் நகரும், பறக்குற பேச்சே இல்ல. ஒரு பழைய பேஞ்சோ போல்ட் எடுத்துக்குங்க, ஏற்கனவே நடுவுல ஓட்டை இருக்கும், தலைப்பக்கம் இருந்து அந்த ஓட்டை வரைக்கும் டிரில் பண்ணி மரை போட்டு ஒரு கிரீஸ் நிப்பிள் மாட்டச் சொன்னா எந்த லேத்துலயும் கால் மணி நேர வேலை. உங்க சொந்த போல்ட்டப் போட்டுக் கெடுத்துராதீங்க. அதே மரைதானான்னு பாத்து வாங்குங்க, 10 மில்லி போல்ட்டுலயே 1.25 பிட்ச்சும் இருக்கு, 1.0 பிட்ச்சும் இருக்கு, பிட்ச்னா மரைக்கு மரை எடைவெளிங்க, ரெண்டும் மொத ரெண்டு சுத்து ஒரே மாதிரிதான் போகும், மூணாவது சுத்துல அலுமினிய மரை கையோட வந்துரும். கையாலயே கடைசி வரைக்கும் போகணும், போனாத்தான் சரியான போல்ட்டு.

கிளாம்ப் விசயம் அதேதான். ப்ளீடர மூடிக்குங்க. கண்ணாடி போட்டுக்குங்க. கிரீஸ் நிப்பிள்ல கசிஞ்சா வெரல வெச்சு அடைக்காதீங்க, அந்த அழுத்தத்துல தோலுக்குள்ளயே ஏறிரும், அது ஆஸ்பத்திரிக் கேஸுங்க, வெளிய சின்னப் புள்ளியாத்தான் தெரியும்.


பழசே_பொன்னு:

கிரீஸ் போட்டா பின்னால எடுக்குறது பெரிய பாடு, அதையும் சொல்லிருங்க. உள் வழியில ஒரு துளி கூட நிக்கக் கூடாது. நான் இந்த முறையைப் பொதுவா சொல்றதில்ல, சீலுக்கு ஆகாத பொருள நாமளே உள்ள ஏத்துறோம்ங்கிறதால. ஆனா வேற வழி இல்லைன்னா அதுதான் வழி, ஒத்துக்குறேன்.


உப்பளத்துக்காரன்:

வந்துருச்சுஊஊ!

விரிவா எழுதுறேன், பின்னால தேடி வாறவங்களுக்கு உதவும். ஊருக்குள்ள ஒரு லேத் பட்டறைல பேஞ்சோ போல்ட் குடுத்தேன், அந்தத் தாத்தா எதுக்குன்னு கேட்டுட்டு சிரிச்சாரு, நிப்பிள் அவரே போட்டுக் குடுத்து நூறு ரூவா வாங்குனாரு, கிரீஸ் கன்னும் அங்கயே இருந்துச்சு, எடுத்துட்டுப் போறேன்னா விடல, இங்கயே அடின்னுட்டாரு. கேலிப்பர வைஸ்ல பழைய டியூப் ரப்பர் சுத்திக் கட்டி, கிளாம்ப் போட்டு, மரத்துண்டு வெச்சு அடிச்சேன். மொத ஆறேழு பம்ப் சும்மா போச்சு, உள்ள ரொம்புது. அப்புறம் கைப்பிடி கெட்டியாச்சு. இன்னும் ஒண்ணு அமுக்குனேன், சத்தம் எதிர்பாத்தேன், ஒண்ணும் கேக்கல, என்னன்னு பாத்தா டஸ்ட் சீல், அதான் தூசி உள்ள போகாமத் தடுக்குற வெளி ரப்பர், அது ஓரத்துல பளபளன்னு ஒரு வெள்ளிக் கோடு, நகக்கண்ணு அளவு, அதுக்கு மேல பூராவும் காவிக் கலர் துரு. நகந்திருச்சு! தாத்தா ம்ம்னு மட்டும் சொன்னாரு. அப்புறம் ஒவ்வொரு பம்ப்புக்கும் ஒரு நூல், ஒரு நூல்னு வந்துச்சு. கிளாம்ப் மாத்திப் போட்டு அடுத்ததும் விளிம்புக்கு. கடைசியா ரெண்டையும் கையால ஆட்டி எடுத்தேன், பின்னாலயே கிரீஸ் தேன்குழல் மாதிரி வந்துச்சு.

ஆனா பிஸ்டனப் பாத்து பயமா இருக்கு. ஒண்ணு பரவால்ல, கறை மட்டும். ஜாம் ஆனதுல குரோம் உரிஞ்சு கடுகு அளவுல ரெண்டு குழி, நகத்த வெச்சா தட்டுது. மெக்கானிக் அண்ணன் சொன்ன உப்புத்தாள் போட்டா போயிருமா? சீலு ரெண்டும் நெம்பி எடுத்துட்டேன், அது உக்கார்ற பள்ளத்துல சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா கெட்டியா என்னமோ இருக்கு.


லேத்_கோவை:

அந்த சுண்ணாம்புதானுங்க உங்க ஆளு! பிஸ்டன விட அதுதான் உண்மையான காரணம். விளக்குறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

கேலிப்பர்ல பிஸ்டன உள்ள இழுக்குறதுக்குன்னு ஸ்பிரிங் எதுவும் கெடையாதுங்க. எல்லாம் அந்தச் சதுர சீலோட வேலை. லீவரப் புடிச்சா பிஸ்டன் வெளிய போகும், சீல் பிஸ்டன விடாம அது கூடவே லேசா முறுக்கிக்கிட்டு சாயும். லீவர விட்டா ரப்பர் நிமிரும், நிமிரும்போது பிஸ்டனயும் சேத்து பின்னால இழுத்துக்கும், முடி கனம்தான், ஆனா அதுதான் பேட்டை டிஸ்க்க விட்டு விலக்குது. இப்ப பள்ளத்துக்குள்ள சீலுக்குப் பின்னால உப்பு பூத்தா என்ன ஆகும்? அலுமினியம் அரிச்சு வர்ற வெள்ளைப் பவுடர், எடம் அடைக்கும். சீல உள்ள இருந்து பிஸ்டன் மேல நெட்டித் தள்ளும். சாயவும் எடம் இல்ல, நிமிரவும் எடம் இல்ல, பிஸ்டன இறுக்கிப் புடிச்சுக்கும். பிரேக் ஆயில் தானாவே காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கிற சாமான், உங்க ஊர்க் காத்துல உப்பும் சேந்தா கேக்கவே வேண்டாம். அதனாலதானுங்க பிஸ்டன மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு பழைய சீலோட மாட்டுனா ரெண்டு மாசத்துல திரும்ப புடிக்கும், முந்நூறு ரூவா மறுபடி குடுக்கலாம்.

பள்ளத்தச் சுத்தம் பண்றதுலதான் பொறுமை வேணும். பல் டாக்டர்கிட்ட இருக்கிற கொக்கி மாதிரி ஒண்ணு கெடைச்சா அருமை, இல்லைன்னா சைக்கிள் ஸ்போக்க வளைச்சு முனையத் தட்டையா ராவிக்குங்க. பள்ளத்தோட அடியும் ரெண்டு மூலையும் சுரண்டணும், மூலையிலதான் பதுங்கியிருக்கும். ஆனா பள்ளத்தோட விளிம்பு மேலயும் பிஸ்டன் ஓடுற சுவர் மேலயும் கோடு போட்டுராதீங்க. ரெண்டு சீலு பள்ளம், ரெண்டு டஸ்ட் சீல் பள்ளம், மொத்தம் நாலு. நல்ல வெளிச்சத்துல உக்காந்து பண்ணா ஒரு மணி நேரம் ஆகும். ரேடியோ போட்டுக்குங்க.

கடுகுக் குழி எங்க இருக்குன்னு பாருங்க. பேட் பக்கம், டஸ்ட் சீலுக்கு வெளிய எப்பவும் நிக்கிற எடத்துல இருந்தா ஓட்டலாம்னு சொல்றவங்க இருக்காங்க. சீல் ஓடுற எடத்துல இருந்து நகம் தட்டுதுன்னா யோசிக்கவே வேண்டாம், புதுப் பிஸ்டன். உப்புத்தாள் போட்டா மிச்ச குரோமும் போகும். கறை மட்டும் இருக்கிற பிஸ்டன 1000ம் நம்பர் வாட்டர் பேப்பர பிரேக் ஆயில்ல நனைச்சு சுத்துவாட்டுல லேசாத் தடவலாம், நீளவாட்டுல தேய்க்காதீங்க, ஆயில் கசிய நீங்களே ரோடு போட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும்.

கிரீஸ் போறதுக்கு பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, ப்ளீடர், பேஞ்சோ ரெண்டு ஓட்டை வழியாவும் மாத்தி மாத்தி அடிங்க, வெள்ளைத் துணியில புடிச்சா கறை வராத வரைக்கும். திறந்த வெளியில வெச்சு, பக்கத்துல அடுப்பு பீடி எதுவும் இல்லாம. அப்புறம் நல்லாக் காய விடுங்க.


பழசே_பொன்னு:

மாட்டும்போது கேலிப்பர் சறுக்குற ரெண்டு பின்னயும் மறக்காத தம்பி. இது மிதக்குற கேலிப்பர், பிஸ்டன் ரெண்டும் ஒரே பக்கம், அந்தப் பக்கத்துப் பேட்டை அமுக்குனதும் பாடி பின் மேல சறுக்கி எதிர்ப் பேட்டையும் இழுத்துட்டு வரணும். பின் காஞ்சிருந்தா பிஸ்டன் எவ்ளோ நல்லா இருந்தாலும் பிரேக் விடாது. உருவி, பழைய கிரீஸத் துடைச்சு, சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடு, சாதா மஞ்சள் கிரீஸ் போட்டா பின் மேல இருக்கிற ரப்பர் கவர் ஊதிரும். புதுச் சீல போடுறப்ப புது பிரேக் ஆயில்ல முக்கிப் போடு, முறுக்கு இல்லாம உக்காந்திருக்கான்னு வெரலால ஒரு சுத்து தடவிப் பாரு. பிஸ்டன் கட்டவெரல் அமுக்குலயே நேரா உள்ள போகணும், சுத்தியல் கேட்டுச்சுன்னா எங்கயோ தப்பு. பேஞ்சோவுக்கு ரெண்டு பக்கமும் புது வாஷர். ப்ளீடர ரொம்ப முறுக்காத, அது உள்ள ஓட்டையா இருக்கிற போல்ட், முறிஞ்சா கேலிப்பரே போச்சு.

பேட்ல கிரீஸ் பட்டிருந்தா தூக்கிப் போடு. அடுப்புல வாட்டினா சரியாகும்னு எவனாச்சும் சொல்லுவான்.


டூஸ்ட்ரோக்_வெறியன்:

நான்தான் சொல்ல வந்தேன் 😂 சரி விடுங்க. பிரேக் ஆயில் எந்த வகை, டாட் 3ஆ டாட் 4ஆ? என்கிட்ட ஒரு பாட்டில் டாட் 5 சும்மா கெடக்கு, நம்பர் பெருசுன்னா நல்லதுதானே?


லேத்_கோவை:

டாட் 5 வேண்டவே வேண்டாங்க, அது சிலிக்கான் ஆயில், மத்ததோட சேராது. 5.1 வேற, அது 3, 4 கூடச் சேரும், பேரு வெச்சவங்களக் கேக்கணும். டப்பா மூடியிலயே என்ன ஊத்தணும்னு எழுதியிருக்கும், இந்த வண்டிக்கு டாட் 4 போதும். டாட் 3 புதுசா 205 டிகிரில கொதிக்கும், டாட் 4 230ல. ஈரம் ஏறிட்டா 140, 155னு எறங்கிரும். தம்பி டிஸ்க்ல சுர்ருன்னு சத்தம் வந்துச்சுன்னாரே, அந்தச் சூட்டுல பழைய ஆயில் கொதிச்சு ஆவியாச்சுன்னா லீவர் காலியா உள்ள போகும். சின்ன சீல் வெச்ச பாட்டிலா வாங்குங்க, தொறந்து வருசக்கணக்கா அலமாரில வெச்சிருந்தத ஊத்தாதீங்க.


உப்பளத்துக்காரன்:

பத்து நாள் கழிச்சு வாறேன், மன்னிச்சுக்கோங்க, பார்ட்ஸ் வர நேரமாயிருச்சு. ரெண்டு பிஸ்டனுமே புதுசு போட்டுட்டேன், சீல் செட்டு, மாஸ்டர் கிட்டு, பேட், வாஷர். தெருவுல ஒரு பல் டாக்டரக்கா இருக்காங்க, பழைய கொக்கி ஒண்ணு குடுத்தாங்க, எதுக்குடான்னாங்க, கேலிப்பருக்கு காரை எடுக்கன்னேன், அவங்களுக்கு ஒரே சிரிப்பு. சத்தியமா அதே வேலைதான். மூலையிலேருந்து செதில் செதிலா வந்துச்சு. மாஸ்டர்ல அந்த ஊசி ஓட்டை அடைச்சிருந்துச்சு, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாத்தான் தெரியுது, கித்தார்க் கம்பி மெல்லிசானத விட்டுத் தொறந்தேன்.

காத்து எடுக்கத்தான் நாக்கு தள்ளிருச்சு. மேலேருந்து அடிச்சு அடிச்சு அரை பாட்டில் காலி, லீவர் பஞ்சு மாதிரியே இருந்துச்சு, கடைசில சிரிஞ்சுல ஆயில் ரொப்பி ப்ளீடர் வழியா கீழேருந்து மேல தள்ளுனேன், டப்பாவுல குமிழி குமிழியா வந்துச்சு. ராத்திரி லீவர கயிறு போட்டு ஹேண்டில் பாரோட கட்டி வெச்சேன், காலைல கெட்டியா இருக்கு. வீலச் சுத்துனா பேட் லேசா உரசுற சத்தத்தோட நாலஞ்சு சுத்து வருது. மொதல்ல தெருக்குள்ளயே மெதுவா ஓட்டி பத்து பதினஞ்சு தடவ புடிச்சு விட்டேன், அப்புறம் ஹார்பர் ரோடு வரைக்கும். வந்து டிஸ்க்கத் தொட்டுப் பாத்தேன், வெதுவெதுன்னு இருக்கு, அவ்ளோதான்.

மொத்தம் ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆச்சு. அண்ணன் நேத்து போன்ல வாரம் ஒருக்க ஸ்டார்ட் பண்ணுதியான்னு கேட்டான், பண்ணுதேன்னு சொல்லிட்டேன். அவன் இந்தப் பக்கம் வர மாட்டான்னு நம்புறேன்.

இப்ப முன் ஃபோர்க்ல இடது பக்கம் லேசா எண்ணெய் வழியுது. தனியா ஒரு கேள்வி போடுறேன்.


பழசே_பொன்னு:

எடது ஃபோர்க்கா, கேலிப்பர் எந்தப் பக்கம்? ஃபோர்க் எண்ணெய் வழிஞ்சு புதுப் பேட் மேல எறங்குறதுக்குள்ள இன்னைக்கே ஒரு துணியச் சுத்திக் கட்டு தம்பி, கேள்விய அப்புறம் போடு.